எண்கள் சரி, பாட்டு எங்கே?
பேஸ் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டேப்லச்சர் (கம்பிகளைக் கோடுகளாகவும் விரல் வைக்கும் இடங்களை எண்களாகவும் காட்டும் குறிமுறை) பார்த்து பேஸ் கிட்டாரில் பாட்டு வாசிப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். டேப்லச்சரைச் சுருக்கி எல்லோரும் ‘டேப்’ என்றே சொல்கிறார்கள், இங்கும் அப்படியே.

கையில் கிட்டாரைப் பிடித்தால் தடித்த கம்பி மேலே இருக்கிறது. டேப்பில் அது அடிக்கோடாக இருக்கிறது. தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்களா? (கோவை)

கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துக் குனிந்து பாருங்கள். தடித்த ஈ கம்பி உங்கள் வயிற்றுப் பக்கம் வரும், மெல்லிய ஜி கம்பி முழங்கால் பக்கம் போகும். டேப்பில் இருப்பது இந்தக் காட்சிதான். அடியிலிருந்து மேலே ஈ, ஏ, டி, ஜி. கோட்டின் மேலுள்ள எண் எந்த ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் எத்தனையாவது, என்பதைச் சொல்கிறது. பூஜ்யம் என்றால் இடதுகை எதையும் அழுத்தாமல் கம்பியை அப்படியே மீட்டுவது. 12 என்று ஒட்டி எழுதியிருந்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட். 1, 2 இரண்டுக்கும் நடுவே கோடு ஓடினால் அவை இரண்டு தனிச் சுரங்கள்.

ஆறு கோடு இருந்தால் அது சாதாரண கிட்டாருக்கான டேப். அதன் கீழ் நான்கு கோடுகளுக்கும் பேஸின் அதே பெயர்கள்தான், ஒரு ஸ்தாயி மேலே. அதைத் தவறி எடுத்துவைத்துக்கொண்டு ‘இந்தப் பாட்டில் பேஸ் இப்படியா போகிறது?’ என்று குழம்புகிறவர்கள் நிறைய.

எண்களை ஒன்றுவிடாமல் சரியாகத்தான் வாசிக்கிறேன். ஆனாலும் கேட்கிறவர்களுக்கு என்ன பாட்டு என்றே தெரியவில்லை. (மதுரை)

எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. விரலை எங்கே வைப்பது என்று டேப் சொல்லும். எப்போது மீட்டுவது, எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்லாது. அச்சில் வரும் நல்ல டேப்களில் எண்ணுக்குக் கீழே கால அளவைக் காட்டும் குச்சிகள் இருக்கும். கணினியில் தட்டச்சு செய்து உலவும் டேப்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தப் பாதியை நீங்கள்தான் காதால் நிரப்ப வேண்டும்.

நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்றை, அதாவது ஓர் ‘அளவை’ (bar), எடுத்துக்கொள்வோம்:

ஜி |-----------------|
டி |---------2---0---|
ஏ  |-0-----0-------3-|
ஈ  |-----------------|

ஐந்தே சுரம். இதைச் சம இடைவெளியில் ‘டும் டும் டும் டும் டும்’ என்று வாசித்தால் டிரம்ஸோடு ஒட்டவே ஒட்டாது. ஒரு பீட்டுக்கு ‘தக’ என்று வைத்து, ‘தக தக தக தக’ என்று எட்டு அசைகளாகச் சொல்லுங்கள். முதல் 0 முதல் ‘த’வில் விழுகிறது. அடுத்த 0 இரண்டாம் பீட்டின் ‘க’வில். 2 மூன்றாம் பீட்டின் ‘த’வில், கடைசி பீட்டில் 0 ‘த’வுக்கு, 3 ‘க’வுக்கு. அதாவது முதல் சுரம் மூன்று அசை நீளம், அடுத்தது ஓர் அசை, அதற்கடுத்தது இரண்டு, கடைசி இரண்டும் ஒவ்வோர் அசை. கூட்டினால் எட்டு. கூட்டல் சரியாக வரவில்லை என்றால் எங்கோ ஓர் இடத்தில் காலம் பிசகுகிறது என்று அர்த்தம்.

இன்னும் ஒரு படி உண்டு. அந்த முதல் சுரத்தை மூன்று அசையும் ஒலிக்க விட்டு ஒருமுறை வாசியுங்கள். பிறகு, இரண்டாம் பீட்டில் ஸ்நேர் டிரம் அடிக்கும் அதே கணத்தில் கம்பியைத் தொட்டு நிறுத்தி ஒருமுறை வாசியுங்கள். எண்கள் மாறவே இல்லை, ஆனால் இரண்டாவது முறை தாளம் துள்ளும். பேஸில் மௌனமும் வாசிப்புதான்.

பழகும் விதம்: முதலில் கிட்டாரைத் தொடாமல் ஹெட்போனில் பாட்டைக் கேட்டு பேஸை மட்டும் வாயால் பாடுங்கள். பாட வராத இடம் கைக்கும் வராது. அடுத்து இடதுகையைக் கம்பிகளின் மேல் லேசாகப் படர விட்டு, ‘டொக் டொக்’ என்ற சத்தம் மட்டும் வர, வலதுகையால் அந்தத் தாளத்தை அடியுங்கள். அது கையில் பதிந்த பிறகு எண்கள். சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, தொடர்ந்து மூன்று முறை பிழையில்லாமல் வந்தால் 5 கூட்டுங்கள். முழுப் பாட்டையும் ஓட்டாதீர்கள். இரண்டு அளவை மட்டும் சுழற்றிச் சுழற்றி வாசியுங்கள். வீடியோவின் வேகத்தைக் குறைப்பதானால் 0.75 போதும். 0.5-க்கு இறக்கினால் தாழ்ந்த சுரங்கள் குழைந்து எங்கே தொடங்குகின்றன என்றே பிடிபடாது.

ஒரே பாட்டுக்கு இரண்டு டேப் கிடைத்தது. ஒன்றில் ஏ கம்பியில் 3, இன்னொன்றில் ஈ கம்பியில் 8. எது சரி? (திருச்சி)

இரண்டும் ஒரே சுரம். பேஸில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே எப்போதும் ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். தடித்த கம்பிக்குப் போனால் 5 கூட்ட வேண்டும், மெல்லிய கம்பிக்குப் போனால் 5 கழிக்க வேண்டும். ஆறு கம்பி கிட்டாரில் ஓர் இடத்தில் இந்தக் கணக்கு உடையும். நாலு கம்பி பேஸில் உடையாது.

மேலே கொடுத்த அளவையே ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் இப்படி வாசிக்கலாம்:

ஜி |-----------------|
டி |-----------------|
ஏ  |---------7---5---|
ஈ  |-5-----5-------8-|

சுரங்கள் மாறவில்லை. ஆனால் கை 5-இலிருந்து 8 வரை ஓரிடத்திலேயே நிற்கிறது, விரலுக்கு ஒரு ஃப்ரெட். ஓபன் கம்பி, அதாவது அழுத்தாமல் மீட்டும் 0, இல்லாததால், விரலைச் சற்றுத் தளர்த்தினாலே சுரம் நிற்கும். முதல் வடிவத்தில் ஓபன் ஏ கம்பி தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். டி கம்பிக்குப் போகும்போது அதை இன்னொரு விரலால் தொட்டு அடக்காவிட்டால் இரண்டு சுரமும் கலந்து சேறாகிவிடும். தொனியும் வேறு. தடித்த கம்பியில் மேலே அழுத்தும் சுரம் உருண்டு, சற்று மங்கலாக வரும். ஓபன் கம்பி பளிச்சென்று கேட்கும்.

ஒலிப்பதிவில் எது வாசிக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் சுரத்துக்குள் போகும் வழுக்கலைக் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும் சுரம் ஓபன் கம்பியாக இருக்க முடியாது. அப்படியிருந்தும் டேப்பில் 0 என்று போட்டிருந்தால், எழுதியவர் சுரத்தைப் பிடித்தார், இடத்தைப் பிடிக்கவில்லை.

பாட்டோடு சேர்த்து வாசித்தால் எல்லாச் சுரமும் ஒரு நூல் தள்ளியே நிற்கிறது. ட்யூனரில் பார்த்தால் கிட்டார் சரியாக இருக்கிறது. (ஈரோடு)

எல்லாமே ஒரே அளவு தள்ளியிருந்தால் டேப்பிலும் தப்பில்லை, உங்களிடமும் தப்பில்லை. பாட்டு வேறு ட்யூனிங்கில் இருக்கிறது. முதல் சுரத்தை ஒரு ஃப்ரெட் கீழே வாசித்துப் பாருங்கள். பொருந்தினால் அவர்கள் நான்கு கம்பியையும் அரைச் சுரம் இறக்கியிருக்கிறார்கள். ராக் குழுக்களில் இது சர்வசாதாரணம். டேப்பில் 0 எங்குமே இல்லையென்றால் எல்லா எண்ணிலும் ஒன்றைக் கழித்தே சமாளிக்கலாம். 0 இருந்தால் கம்பிகளை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போது தேவைக்கும் கீழே கொண்டுபோய், பிறகு மேலே திருகி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் பத்து நிமிடத்தில் சுருதி மறுபடி நழுவும்.

டேப்பின் தலையில் ‘ட்ராப் டி’ என்றிருந்தால் ஈ கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி-க்குக் கொண்டுவர வேண்டும். இறக்க மனமில்லை என்றால் அந்தக் கம்பியின் எண்களில் மட்டும் 2 கழியுங்கள். 0, 1 இரண்டுக்கும் உங்களிடம் இடமிருக்காது. அவற்றை ஒரு ஸ்தாயி மேலே, ஏ கம்பியில் 5, 6 என்று வாசிக்கலாம். பாட்டு கெடாது, அடிவயிற்றில் இறங்கும் அந்த அதிர்வு மட்டும் கிடைக்காது.

முதல் நான்கு ஃப்ரெட்டுக்கு விரல் எட்டவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது. கை சிறியதாக இருந்தால் பேஸ் சரிப்படாதா? (தஞ்சாவூர்)

கை சிறியது என்பது பெரிய தடையில்லை. சாதாரண பேஸில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் இடம்) பிரிட்ஜ் வரை (உடல் பக்கம் அவை தங்கும் இடம்) கம்பியின் நீளம் 34 அங்குலம். அந்தக் கணக்கில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 48 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை 13 சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே அதில் பாதி, 24 மில்லிமீட்டர்தான். கீழே நான்கு ஃப்ரெட்டையும் நான்கு விரலால் விரித்துப் பிடிக்கச் சொல்வது பெரிய கைக்காரர்களுக்கே சிரமம்.

டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியம்) வாசிப்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்றாக. மூன்று ஃப்ரெட்டுக்கு இந்த மூன்று பிடி. நான்காவது ஃப்ரெட் தேவைப்பட்டால் விரலை நீட்டாமல் கையையே நகர்த்துவது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே வந்த பிறகு விரலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பெருவிரல் கழுத்தின் பின்னால் நடுவிரலுக்கு எதிரே இருக்கட்டும். அது கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் மணிக்கட்டு மடங்கும், வலியும் அங்கேயிருந்துதான் வரும். கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது மேடையில் அழகு, மணிக்கட்டுக்கு ஆகாது. உட்கார்ந்து வாசிக்கும்போது இருக்கும் உயரத்திலேயே நிற்கும்போதும் இருக்கும்படி பட்டையைச் சுருக்குங்கள். 30 அங்குல நீளத்தில் குட்டி பேஸும் கிடைக்கிறது. ஆனால் வாங்குமுன் மேலே சொன்னதை ஒரு மாதம் செய்து பாருங்கள்.

வலதுகைக்கும் ஒரு வார்த்தை. ஆள்காட்டி, நடு என்று இரண்டு விரலையும் மாற்றி மாற்றி மீட்டப் பழகுங்கள். மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு இறங்கும்போது மட்டும் அதே விரலை அடுத்த கம்பியின் மேல் இழுத்துக்கொண்டு போகலாம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்து ஒப்பேற்றினார். அது அவருக்கு வந்தது. நீங்கள் இரண்டையும் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண்களுக்கு நடுவே வரும் எழுத்துகளும் கீற்றுகளும் என்ன? (சேலம்)

‘எச்’ என்றால் முதல் சுரத்தை மட்டும் மீட்டி, அடுத்ததை இடதுகை விரலால் கம்பியின் மேல் குத்தி ஒலிக்க வைப்பது. ‘பி’ அதற்கு எதிர். மேல் சுரத்திலிருந்து விரலை எடுக்கும்போது கம்பியைச் சுண்டிவிட்டு எடுப்பது. வெறுமனே தூக்கினால் சத்தமே வராது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வலப்பக்கம் ஏறும் சாய்கோடு மேலே வழுக்குவது, இறங்கும் கோடு கீழே வழுக்குவது. வழுக்கும்போது அழுத்தம் குறையக்கூடாது. பெருக்கல் குறி சுரமில்லாத ‘டக்’. இடதுகை கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஃப்ரெட்டில் அழுத்தாது. ஒரே விரலால் தொட்டால் சில இடங்களில் மணி மாதிரி ஹார்மோனிக் கிளம்பும், ஆகவே இரண்டு விரல். அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் ஒவ்வொருவர் ஒவ்வொரு அர்த்தத்தில் போடுகிறார்கள்: மெல்லச் சத்தம், அல்லது முந்தைய சுரத்தின் நீட்சி. பாட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அழுத்தும்போது ‘ஜிர்’ என்கிறது. (நாகர்கோவில்)

விரல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜ் பக்கத்து ஃப்ரெட்டை ஒட்டி, அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தினால் பாதி பலத்திலேயே சுத்தமாக வரும். அப்படியும் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அந்த ஃப்ரெட் தேய்ந்தோ, பக்கத்து ஃப்ரெட் எழும்பியோ இருக்கலாம், கடைக்காரர் வேலை. எல்லா இடத்திலும் இரைந்தால் கம்பியின் உயரத்தை அளங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஜி கம்பிக்கு 2, ஈ கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் திருகுவதானால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் படித்தவள் நான். ஈ, ஏ, டி, ஜி மனதில் நிற்கவில்லை. வேறு வழி உண்டா? (யாழ்ப்பாணம்)

தடித்த கம்பியிலிருந்து 3, 6, 2, 5 கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைச் சுரம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அரைக்கட்டை கிடையாது, ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையேயும் கிடையாது.

இன்னொரு வசதியும் உங்களுக்கு உண்டு. ஈ அல்லது ஏ கம்பியில் எந்த ஃப்ரெட்டை ஷட்ஜமமாக வைத்தாலும், அடுத்த மெல்லிய கம்பியில் அதே ஃப்ரெட் சுத்த மத்தியமம். அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே பஞ்சமம். அதற்கும் அடுத்த கம்பியில், பஞ்சமம் இருந்த அதே ஃப்ரெட்டில் மேல் ஷட்ஜமம். ச-ப-ச என்ற இந்த வடிவத்தைக் கையில் ஏற்றிக்கொண்டால் சுருதி மாறினாலும் கை மாறாது, இடம் மட்டும் நகரும். பாட்டுகளின் பேஸில் பாதி இதைச் சுற்றித்தான் ஓடுகிறது. கமகத்தை மட்டும் டேப்பில் எழுத நினைக்காதீர்கள். சாய்கோடு அதற்குப் போதாது.

போனில் பாட்டைப் போட்டால் பேஸே கேட்கவில்லை. வீட்டு ஹோம் தியேட்டரில் கிட்டாரைச் சொருகலாமா? (திருநெல்வேலி)

ஓபன் ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 சொச்சம், ஏ கம்பி 55. கட்டைவிரல் நகம் அளவுள்ள போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு காற்றைத் தள்ளச் சக்தியில்லை. கேட்பது மேல் ஹார்மோனிக்குகள்தான். அதனால்தான் ஸ்தாயி மாறிப்போகிறது. காதை மூடும் ஹெட்போன் போதும். இன்னும் பிடிபடாவிட்டால் பாட்டை ஒரு ஸ்தாயி உயர்த்தித் தரும் செயலியில் போட்டுக் கேளுங்கள், பேஸ் சாதாரண கிட்டார் மாதிரி தெளிவாக வந்து நிற்கும்.

ஹோம் தியேட்டரில் நேரடியாகச் சொருகினால் சத்தம் மெலிந்து சோகையாக வரும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மின்னளவுக்கும் அந்த உள்ளீட்டுக்கும் பொருத்தமில்லை. சத்தம் போதவில்லையே என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு தடவை கம்பியை ஓங்கிச் சுண்டினால் ஸ்பீக்கரின் கூம்பு தாவிக் கிழிய வாய்ப்புண்டு. கிட்டாரிலேயே சொருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் வாங்குங்கள். அக்கம்பக்கத்தாரும் தூங்குவார்கள்.

டேப் என்பது இன்டர்நெட் காலத்துக் குறுக்குவழி, ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறி) படிப்பதுதான் முறை என்கிறார் ஆசிரியர். (சென்னை)

குறுக்குவழி என்றால் 500 வருடத்துக் குறுக்குவழி. 1507-இலேயே வெனிஸில் பெட்ருச்சி லூட் வாத்தியத்துக்கு டேப்லச்சர் அச்சிட்டார். அந்த இத்தாலிய முறையில் தாழ்ந்த கம்பி மேல்கோடு. கோவை வாசகருக்கு அது பிடித்திருக்கும். காலக்குறிகளும் எண்களுக்கு மேலேயே இருந்தன. ஆசிரியர் சொல்வதில் நியாயம் உண்டு, ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தால் கால அளவும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அது எந்தக் கம்பி என்று சொல்லாது. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்ட புத்தகம் கிடைத்தால் சண்டையே இல்லை.

தமிழ்ப் பாட்டுகளுக்கு நல்ல டேப் கிடைப்பதில்லை. நாமே எழுதுவது எப்படி? (புதுச்சேரி)

தாளில் முதலில் நான்கு கோடு போடாதீர்கள். பாட்டை ஓடவிட்டு அளவுகளை எண்ணி, பல்லவி எத்தனை அளவு, இடையிசை எத்தனை என்று கட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வோர் அளவின் முதல் பீட்டில் வரும் பேஸ் சுரத்தை மட்டும் தேடுங்கள். பாட்டை நிறுத்தி, அந்தச் சுரத்தை முனகிக்கொண்டே ஏ கம்பியில் ஃப்ரெட் ஃப்ரெட்டாக ஏறினால் கிடைத்துவிடும். முதல் பீட்டுகள் எல்லாம் நிரம்பிய பிறகுதான் இடைச் சுரங்கள். கடைசியாக, கை எங்கே நின்றால் எல்லாம் எட்டும் என்று பார்த்து, எண்களை எந்தக் கம்பியில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். தாளின் தலையில் ட்யூனிங்கையும் வேகத்தையும் குறித்து, எண்களுக்குக் கீழே ‘தக தக’வையும் எழுதிவிடுங்கள், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது உங்கள் டேப்பே உங்களுக்குப் புரிய வேண்டுமே.

பொறிகள் சில. காலால் அடிக்கும் கிக் டிரம்மைப் பேஸ் என்று நினைத்து, இல்லாத சுரத்தை எழுதுவது. சுருதி மாறாமல் ‘தப்’ என்று அடங்கினால் அது டிரம். இரண்டாவது, கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) பெயரைப் பார்த்து பேஸை ஊகிப்பது. இளையராஜா பாடல்களில் இது அடிக்கடி கவிழ்த்துவிடும். அங்கே பேஸ் கார்டின் மூலச் சுரத்தோடு நின்றுவிடாது, பாட்டுக்குப் பக்கத்தில் தனி மெட்டாக நடக்கும். முதல் பீட்டிலேயே கார்டின் காந்தாரத்தில் வந்து உட்காரவும் செய்யும். ஊகித்து எழுதினால் தப்பாகவும் ஒலிக்காது, பாட்டு மாதிரியும் இருக்காது. கண்டுபிடிக்கவே கஷ்டமான பிழை அது. மூன்றாவது, கீபோர்டில் வாசித்த பேஸ். அது ஈ கம்பிக்குக் கீழேயும் இறங்கும். எவ்வளவு தேடியும் ஒரு சுரம் கிட்டாரில் இல்லையென்றால் தேடுவதை விட்டுவிட்டு ஒரு ஸ்தாயி மேலே எழுதிக்கொள்ளுங்கள்.